காலின் நரம்புகளும் அவை ஆளும் தசைகளும் தோலும்

உள்ளங்காலில் முள் தைத்ததும் காலை இழுத்துக்கொள்ளுதல் யாவர்க்கும் இயல்பு. இச்சிறு நிகழ்ச்சியில் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. முள் தைத்த செய்தி தோலிலிருந்து தண்டுவடத்தை அடைகிறது. காலைத் தூக்கும் ஏவல் தண்டுவடத்திலிருந்து தசைகளுக்கு வருகிறது. செய்தி கொண்டு செல்லும் இழைகளை உணர்ச்சி இழைகள் என்றும், ஏவல் கொண்டு வரும் இழைகளை இயக்க இழைகள் என்றும் கூறுவர். காலின் பெருநரம்புகளில் இவ்விருவகை இழைகளும் ஒரே உறையினுள் கட்டாகச் செல்கின்றன. வியர்வைச் சுரப்பிகளை ஆளும் நுண்ணிழைகளும் அவற்றுடன் சேர்ந்துள்ளன. ஆதலின் ஒரு நரம்பு கெட்டால் அது ஆளும் தசைகள் வலிமை இழக்கின்றன. அது ஆளும் தோல் உணர்ச்சி இழந்து வறண்டு போகிறது.

இதிலிருந்து பயனுள்ள ஓர் உண்மை பெறப்படும். எத்தசை தளர்ந்தது, தோலின் எப்பகுதி மரத்தது என்று கண்டறிந்தால், எந்நரம்பு எவ்விடத்தில் கெட்டது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. தொழுநோய்ப் பணியிலும் போலியோ கண்காணிப்பிலும் ஈடுபட்டுள்ள களப்பணியாளர்க்கும், வகுப்பில் ஒரு சிறுவன் காலை இழுத்து நடப்பதை முதலில் காணக்கூடிய ஆசிரியர்க்கும் இவ்வறிவு நாள்தோறும் பயன்படுவதாகும்.

நரம்புகள் தோன்றும் இடம்

காலுக்குரிய நரம்புகள் யாவும் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்படுகின்றன. வளர்ந்த மனிதரில் தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்திற்கும் செல்வதில்லை. இடுப்பின் முதலாம் அல்லது இரண்டாம் முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் குதிரை வாலைப் போன்று கற்றையாகத் தொங்குகின்றன. இடுப்புப் பகுதி வேர்களும், அதன் கீழுள்ள திரிக எலும்புப் பகுதியின் வேர்களும் வெளிவந்தவுடன் ஒன்றோடொன்று கலந்து இரு பின்னல்களாகின்றன. அப்பின்னல்களிலிருந்தே பெயர் பெற்ற நரம்புகள் பிரிகின்றன. ஒரு வேரின் இழைகள் பல நரம்புகளுக்கும், ஒரு நரம்பின் இழைகள் பல வேர்களிலிருந்தும் வருவது இக்கலப்பினால்தான். மாணவர்களுக்குக் குழப்பம் தருவது இவ்விடமே. ஊர்த் தெருக்களைக் கொண்டு வரைந்த படமும் வார்டுகளைக் கொண்டு வரைந்த படமும் ஒரே ஊரைத்தான் காட்டுகின்றன என்று சொன்னால் அவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர்.

தொடையின் முன்புறமும் உட்புறமும்

ஃபெமரல் நரம்பு எனப்படும் தொடை நரம்பு, இடுப்புப் பகுதியின் இரண்டாம், மூன்றாம், நான்காம் வேர்களிலிருந்து உண்டாகிறது. கவட்டியின் மடிப்பைக் கடந்து தொடையின் முன்புறத்தில் இறங்கி, அங்குள்ள நாற்றலைத் தசையை இது ஆள்கிறது. மடித்த முழங்காலை நீட்டுவது அத்தசையே. படியேறுதல், தரையிலிருந்து எழுதல் ஆகிய செயல்கள் அதன் வலிமையைப் பொறுத்தவை. அது தளர்ந்தவர் ஒவ்வோர் அடியிலும் கையால் தொடையை அழுத்திக்கொண்டு நடப்பர். போலியோவால் தாக்கப்பட்டவரிடையே இந்நடையைக் காணாத ஊர் முன்னாளில் அரிது.

தொடை நரம்பின் நீண்ட கிளையொன்று, சஃபீனஸ் என்னும் பெயருடன், முழங்காலுக்குக் கீழே கணைக்காலின் உட்புறத் தோலை ஆண்டு, பாதத்தின் உள்விளிம்புவரை செல்கிறது. முழங்காலுக்குக் கீழுள்ள தோலில் சையாட்டிக் நரம்பின் ஆட்சிக்கு உட்படாத பகுதி இஃது ஒன்றே.

முழங்காலின் கீழுள்ள தசைநாணைத் தட்டினால் கால் முன்னே உதறுவதும் இத்தொடை நரம்பின் வழியாகவே நடைபெறுகிறது. ஜெர்மானிய மருத்துவர்களாகிய எர்ப், வெஸ்ட்ஃபால் என்னும் இருவர் 1875-ஆம் ஆண்டில் இதனைத் தனித்தனியே விவரித்து எழுதினர். தட்டிய செய்தி மூளைவரை சென்று திரும்ப வேண்டுவதில்லை. தண்டுவடத்திலேயே மறுமொழி பிறந்துவிடுகிறது. வகுப்பறையில் செய்து காட்டுவதற்கு இதனினும் எளிய சோதனை இல்லை.

தொடையின் உட்புறத் தசைகளை ஆப்டுரேட்டர் நரம்பு ஆள்கிறது. இதனைப்பற்றி ஒரே ஒரு செய்தியை நினைவிற் கொள்ளுதல் போதும். இந்நரம்பும் தொடை நரம்பும் இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு ஆகிய இரண்டிற்குமே கிளைகள் அனுப்புகின்றன. ஆகவே இடுப்பு மூட்டில் நோயுற்ற குழந்தை முழங்காலைத் தொட்டுக் காட்டி அழக்கூடும். முழங்கால் வலி என்று வரும் குழந்தையின் இடுப்பையும் அசைத்துப் பார்த்தல் வேண்டும் என்னும் விதி இதனால் ஏற்பட்டது.

சையாட்டிக் நரம்பு

உடலிலுள்ள நரம்புகளுள் மிகப் பருமனானது சையாட்டிக் நரம்பு. இது தோன்றுமிடத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. அகலமுள்ளது. இடுப்பின் நான்காம், ஐந்தாம் வேர்களும் திரிகத்தின் முதல் மூன்று வேர்களும் சேர்ந்து இதனை ஆக்குகின்றன. இடுப்புக் கூட்டிலிருந்து வெளிவந்து, பிட்டத்தின் பெருந்தசைக்கு அடியில் வளைந்து, தொடையின் பின்புறத்தில் நடுவாக இறங்கி, முழங்காலை மடக்கும் பின்தசைகளை ஆண்டு, பொதுவாக முழங்காலின் பின்குழிக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இரண்டும் தொடக்கத்திலிருந்தே ஒரே உறையினுள் வரும் தனித்தனி நரம்புகளே. வெளிப்புறமாகச் செல்வது பெரோனியல் நரம்பு. நடுவே நேராகச் செல்வது டிபியல் நரம்பு.

பிட்டத்தில் ஊசி போடும் பணியாளர் இந்நரம்பின் வழியை மனத்தில் வரைந்து வைத்திருத்தல் இன்றியமையாதது. பிட்டத்தை நிறுத்தக் கோடொன்றாலும் கிடைக்கோடொன்றாலும் நான்காகப் பிரித்தால், நரம்பு செல்வது உள், கீழ்ப் பகுதிகளில். மேல் வெளிக் கால்பகுதியில் அது இல்லை. மெலிந்த குழந்தைகளின் பிட்டத்தில் தசை மிகச் சிறிதாதலால் அங்கு ஊசி போடுவதே இடர் மிகுந்தது. கைக்குழந்தைகளுக்குரிய தடுப்பூசிகளைத் தசையில் செலுத்த வேண்டுமாயின் தொடையின் நடுப்பகுதியில் முன்வெளிப்புறத்தைத் தேர்ந்துகொள்வதன் காரணம் இதுதான். தவறான இடத்தில் குத்திய ஊசியால் கெடுவது பெரும்பாலும் சையாட்டிக் நரம்பின் பெரோனியல் பாகமே. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்ட குழந்தை மறுநாள் பாதத்தைத் தூக்க இயலாமல் நடந்தால், காய்ச்சலைக் குறை கூறுவதற்கு முன் ஊசி குத்திய இடத்தைப் பார்த்தல் நன்று.

பெரோனியல் நரம்பு

முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் விரலால் தடவினால் ஓர் எலும்புக் குமிழ் தட்டுப்படும். கணைக்காலின் மெல்லிய வெளியெலும்பினுடைய தலை அது. அதன் கீழுள்ள கழுத்தைச் சுற்றிக்கொண்டு பெரோனியல் நரம்பு முன்புறம் வருகிறது. இவ்விடத்தில் அதற்கும் வெளியுலகிற்கும் இடையே தோலும் சிறிது கொழுப்புமே உள்ளன. கீழே கடினமான எலும்பு. இதனைவிடக் காவலற்ற நரம்பு காலில் வேறில்லை. இறுக்கமாகப் போட்ட மாவுக்கட்டு, நெடுநேரம் குந்தியிருந்து களை பறித்தல், நினைவிழந்து ஒரே பக்கமாகக் கிடத்தல் ஆகிய யாவும் இதனை நசுக்கிக் கெடுக்கக்கூடும்.

எலும்பின் கழுத்தைக் கடந்தவுடன் இந்நரம்பு ஆழ்கிளை, மேற்கிளை என இரண்டாகிறது. ஆழ்கிளை பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளை ஆள்கிறது. தோலில் அதற்குரியது பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட சிறு பகுதி மட்டுமே. மேற்கிளை, பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பும் தசைகளையும், கணைக்காலின் கீழ்வெளிப்புறத் தோலையும், புறங்காலின் பெரும்பகுதித் தோலையும் ஆள்கிறது.

இந்நரம்பு முழுதும் கெட்டவரின் பாதம் தொங்கிப்போகிறது. நடக்கும்போது விரல் நுனி தரையில் தட்டாதிருக்க முழங்காலை மிக உயரத் தூக்கி வைப்பர். வைக்கும்போது பாதம் தரையில் சப்தத்துடன் விழும். இவரது செருப்பின் முன்முனை பின்பகுதிக்கு முன்னரே தேய்ந்துவிடும். நோயாளி ஒன்றும் சொல்லாவிடினும் வாசலில் கழற்றி வைத்த செருப்பு சொல்லிவிடும்.

டிபியல் நரம்பு

டிபியல் நரம்பு முழங்காலின் பின்குழி வழியாகக் கெண்டைக்காலின் ஆழத்தில் இறங்குகிறது. குதிகாலை உயர்த்தும் பெருந்தசைகளையும், பாதத்தை உட்புறமாகத் திருப்பும் பின்டிபியல் தசையையும், விரல்களை மடக்கும் நீண்ட தசைகளையும் ஆண்டபின், உட்கணுவின் பின்னே மேலெழுந்து வருகிறது. அங்கே குதிகால் தோலுக்குக் கிளை கொடுத்து, உள்ளங்காலின் உள்நரம்பு, வெளிநரம்பு என்று பிரிகிறது. பெருவிரல் தொடங்கி மூன்றரை விரல்களின் அடித்தோலும் அவற்றை ஒட்டிய உள்ளங்காலும் உள்நரம்புக்கு உரியன. எஞ்சிய ஒன்றரை விரல்களும் அப்பக்கத்து உள்ளங்காலும் வெளிநரம்புக்கு உரியன. பாதத்தின் சிறு தசைகள் பெரும்பாலும் இவ்விரண்டின் ஆட்சியில் உள்ளவை. பாதத்தின் வெளிவிளிம்பை மட்டும் சூரல் என்னும் தோல் நரம்பு தனியே ஆள்கிறது.

இந்நரம்பு கணுவின் பின்னே கெட்டால் நடை பார்வைக்கு மாறுவதில்லை. குதிகாலை உயர்த்தும் தசைகளுக்குரிய கிளைகள் மேலேயே பிரிந்துவிட்டமையே காரணம். விரல்கள் கொக்கி போல் மடங்குவதைக் கூர்ந்து நோக்குவோரே காண்பர். ஆயினும் காலின் நரம்புச் சேதங்களுள் மிகக் கொடியது இதுவே எனல் தகும். தொங்கும் பாதத்தை நோயாளியும் அறிவார், அண்டை வீட்டாரும் அறிவர். மரத்த உள்ளங்காலை நோயாளியே அறிவதில்லை. முள் தைத்தாலும், வெயிலில் காய்ந்த பாறை சுட்டாலும், செருப்பின் ஆணி கிழித்தாலும் அவர் நிற்காமல் நடக்கிறார். உறங்கும்போது எலி விரலைக் கடித்ததைக் காலையில் கண்டு வியந்தவரும் உண்டு. வியர்வை இல்லாமையால் தோல் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே அழுக்கும் கிருமியும் புகுகின்றன. புண் ஆழமாகி எலும்பை எட்டுகிறது.

தொழுநோயில் நரம்புகள் கெடும் முறை

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-ல் கண்டுபிடித்தார். நரம்பினுள் புகுந்து வாழ்வது இக்கிருமியின் தனித்தன்மை. உடலின் உள்வெப்பமாகிய 37 டிகிரி செல்சியஸைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே இது நன்கு பெருகும். ஆகையால் தசைகளின் ஆழத்தில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் நரம்புகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, தோலருகே வந்து குளிரும் இடங்களில் நரம்பைத் தாக்குகிறது. காலில் அத்தகைய இடங்கள் முக்கியமாக இரண்டு: முழங்காலுக்குக் கீழ் வெளியெலும்பின் கழுத்து, உட்கணுவின் பின்புறம். அதாவது பெரோனியல் நரம்பு ஓரிடத்தில், டிபியல் நரம்பு ஓரிடத்தில்.

இதனால் விளையும் நன்மையொன்றும் உண்டு. டிபியல் நரம்பு கணுவருகில் கெட்டாலும், மேலே கெண்டைக்காலில் கிளை பெற்றுவிட்ட பின்டிபியல் தசைக்கு ஊறு நேர்வதில்லை. பெரோனியல் நரம்பு கெட்டுப் பாதம் தொங்கிய ஒருவருக்கு அறுவை மருத்துவர் இத்தசையின் நாணைப் பாதத்தின் உட்புறத்திலிருந்து விடுவித்து, கணைக்காலின் முன்புறம் கொண்டுவந்து, புறங்காலில் பொருத்திவிடுகிறார். முன்னர்ப் பாதத்தை உட்புறம் திருப்பிய தசை இப்போது அதனை மேலே தூக்குகிறது. தூக்கும் தசை வேறு, தூக்கும் எண்ணம் பழையது. இரண்டையும் இணைக்க நோயாளி சில வாரங்கள் பயிற்சி பெற வேண்டும். நரம்பின் கிளைகள் எவ்வரிசையில் பிரிகின்றன என்னும் உடற்கூற்று விவரம், ஏட்டளவில் வறண்டதாகத் தோன்றுவது, ஒருவரைத் திரும்ப நடக்கச் செய்வது இவ்வாறே.

தொழுநோயாளியின் சதை தானே அழுகி உதிர்கிறது என்னும் எண்ணம் நெடுங்காலம் மருத்துவரிடையேயும் நிலவியது. 1946-ல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தோரும் இதனை மறுத்தனர். உள்ளங்கால் புண்ணை மாவுக்கட்டினுள் வைத்து, காலுக்கு ஓய்வு கொடுத்தபோது, அது மற்றவர் புண்ணைப் போலவே ஆறியது. ஆகவே குறை சதையில் இல்லை. வலி என்னும் காவலன் இல்லாமையே குறை எனத் தெளிவாயிற்று. மென்மையான நுண்துளை ரப்பரால் ஆன செருப்பு, அழுத்தத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புவதற்காக மரத்த பாதமுடையோர்க்கு வழங்கப்பட்டு வருகிறது.

கூட்டு மருந்துச் சிகிச்சை இந்தியாவில் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் அமைந்த 1983 முதல் படிப்படியாகப் பரவியது. மக்கள் தொகையில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோயாளர் தொகை குறைந்ததென 2005-ஆம் ஆண்டின் இறுதியில் நாடு முழுமைக்கும் கணக்கிடப்பட்டது. எனினும் புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் கண்டறியப்படுகின்றனர். மருந்து கிருமியைக் கொல்கிறது. கெட்டுவிட்ட நரம்பை அது மீட்பதில்லை. சிகிச்சை நடைபெறும்போதும், முடிந்த பின்னரும்கூட, நரம்பில் வீக்கம் தோன்றலாம். சில வேளைகளில் வலி சிறிதுமின்றியே நரம்பு செயலிழக்கும். இவ்விழப்பு நேர்ந்து ஆறு மாதங்களுக்குள் மருத்துவரிடம் அனுப்பினால் பிரெட்னிசோலோன் மருந்தால் மீளும் வாய்ப்பு நன்கு உண்டு. நாள் செல்லச் செல்ல வாய்ப்பு குறைகிறது. ஆகவே ஒவ்வொரு வருகையிலும் சோதித்து, முந்தைய குறிப்புடன் ஒப்பிடுதலே களப்பணியாளரின் தலையாய வேலை.

சோதிக்கும் முறை

நோயாளியை நாற்காலியில் அமர்த்திப் பாதத்தை மேலே தூக்கச் சொல்லுதல் வேண்டும். தூக்கிய பாதத்தைப் பணியாளர் தம் கையால் கீழே அழுத்த, அதனை எதிர்த்து நின்றால் தசை வலிவுடையது. தூக்கியும் எதிர்க்க இயலாவிடில் தளர்ந்தது. தூக்கவே இயலாவிடில் செயலிழந்தது. இம்மூன்று சொற்களுள் ஒன்றை நாளுடன் எழுதி வைத்தல் போதும். பாதத்தைத் தூக்குவதும் வெளிப்புறம் திருப்புவதும் தளர்ந்து, உட்புறம் திருப்புவது நன்றாயிருப்பின் பெரோனியல் நரம்பே கெட்டது. உட்புறம் திருப்புவதும் தளர்ந்திருப்பின் சேதம் மேலே, இடுப்பின் ஐந்தாம் வேரிலோ சையாட்டிக் நரம்பிலோ இருக்கலாம்.

உள்ளங்காலின் உணர்ச்சியைச் சோதிக்கப் பந்துமுனைப் பேனா போதுமானது. கண்ணைத் திறந்திருக்கும்போது ஒருமுறை தொட்டுக் காட்டி, பிறகு கண்ணை மூடச் செய்து, பெருவிரலின் அடி, பாதத்தின் முன்மெத்தையின் இரு பக்கம், வெளிவிளிம்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிறிதே குழியுமாறு தொட்டு எடுக்க வேண்டும். பேனாவை இழுத்துக் கோடிடுதல் கூடாது. இழுப்பதை அருகிலுள்ள நல்ல தோல் உணர்ந்துவிடும். தொட்ட இடத்தை நோயாளி விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். “தெரிகிறதா?” என்று கேட்டுக்கொண்டே தொடும் பணியாளருக்கு, மரத்த காலும் “தெரிகிறது” என்றே விடை சொல்லும். காய்ப்புப் பிடித்த இடத்தைத் தவிர்த்து அதன் பக்கத்தில் சோதித்தல் நல்லது. மருத்துவமனைகளில் 10 கிராம் விசைக்கு வளையும் நைலான் இழையை இதே நோக்கத்துடன் பயன்படுத்துகின்றனர்.

மரத்துப்போன பாதம் தொழுநோயில் மட்டும் காணப்படுவதன்று. நீரிழிவில் இரு பாதங்களும் ஒன்றுபோல், காலுறை அணிந்த அளவுக்கு, விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி மரத்து வருகின்றன. ஒரு நரம்பின் எல்லைக்குள் அடங்காமல் நீளமான நரம்பிழைகளின் கடைசி முனை முதலில் கெடுவதே இதற்குக் காரணம். நோய் வேறாயினும் புண் உண்டாகும் வழி ஒன்றே. காக்கும் வழியும் ஒன்றே.

போலியோவில் நிலைமை நேர்மாறானது. அக்கிருமி தண்டுவடத்திலுள்ள இயக்க அணுக்களையே அழிக்கிறது. உணர்ச்சி இழைகள் கெடுவதில்லை. கால் சூம்பித் துவண்டிருக்கும், ஆனால் கிள்ளினால் குழந்தை அழும். இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் விளைந்த கடைசி நோய் 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹௌரா மாவட்டத்தில் காணப்பட்டது. 2014 மார்ச் 27-ல் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. ஆயினும் 15 வயதிற்குட்பட்ட சிறுவர் எவருக்கேனும் கை, கால் திடீரெனத் துவண்டால், காரணம் ஊசியென்று தோன்றினும் உடனே அறிவித்தல் வேண்டும். காரணத்தை முடிவு செய்வது பின்னர் நடைபெறும் ஆய்வின் வேலை.

பள்ளியில் ஆசிரியர் செய்யத்தக்க சோதனை இன்னும் எளியது. பிள்ளைகளை வரிசையாகப் பத்து அடி குதிகாலால் நடக்கச் செய்து, திரும்பும்போது விரல் நுனியால் நடக்கச் செய்தால் அவர்களுக்கு அது விளையாட்டு. குதிகாலால் நடக்க இயலாத பிள்ளைக்குப் பெரோனியல் நரம்பு ஆளும் தசைகளில் தளர்ச்சி; விரல் நுனியால் நடக்க இயலாத பிள்ளைக்கு டிபியல் நரம்பு ஆளும் கெண்டைத் தசைகளில் தளர்ச்சி. உள்ளங்காலின் உணர்ச்சியை இவ்விளையாட்டு காட்டாது. ஆறாத புண்ணை வலியில்லை என்று சொல்லிக்கொண்டே நடக்கும் பிள்ளையை மட்டும் தனியே அழைத்து, செருப்பைக் கழற்றச் செய்து, உள்ளங்காலைப் பார்த்து, அன்றே சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும்.